மாமா கடையில தேடி கெடைக்காத நோட்டீசும் உங்க பைனல் இயர் ப்ராஜெக்டும்

போன ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு பிள்ளைங்க வீட்டுக்கு வந்துருந்தாங்க, பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பைனல் இயர், ஒருத்தன் குலசேகரம், இன்னொரு பிள்ளைக்கு கருங்கல். சாயா குடிச்சு முடிச்சதுக்கு அப்புறந்தான் விஷயத்துக்கு வந்தாங்க. "அண்ணே, நாங்க சொந்தமா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் பண்ணலாம்னு இருக்கோம், கைடும் சரின்னுட்டாங்க"ன்னு அவன் சொன்னான். எப்பிடி பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். உபுண்டுங்கிற லினக்ஸ எடுத்து வால்பேப்பர், ஐகான், பேரு எல்லாம் மாத்தி, தமிழ் பான்ட் நாலு சேத்து, இன்ஸ்டால் பண்ணுற ஒரு ஐஎஸ்ஓ ஃபைலா ஆக்கி குடுக்குறதுதான் திட்டம். ஆசையில தப்பு சொல்ல மாட்டேன், அந்த வயசுல எனக்கும் இதே ஆசை இருந்துச்சு. ஆனா அந்த ஐஎஸ்ஓவ வைவாவுக்கு அப்புறம் யாரு இன்ஸ்டால் பண்ணுவா, ஆறு மாசம் கழிச்சு செக்யூரிட்டி அப்டேட் யாரு குடுப்பான்னு கேட்டப்ப ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அன்னைக்கு அவங்ககிட்ட சொன்னத இன்னும் நாலு பேருக்கு உதவட்டும்னு இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

மொதல்ல ஒண்ணு. மாணவனால என்ன முடியும்னு மட்டும் நெனைக்காதீங்க மக்கா. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல லினக்ஸோட அடிமனசான கர்னல வெளியில விட்டப்ப ஹெல்சிங்கி யூனிவர்சிட்டியில படிச்சிட்டு இருந்த பையன். 1993 ஆகஸ்டுல டெபியன்ங்கிற லினக்ஸ் தொகுப்ப ஆரம்பிச்ச இயான் மர்டாக் அமெரிக்காவுல பர்டியூ யூனிவர்சிட்டியில ஸ்டூடண்ட். 1996 அக்டோபர்ல கேடிஈங்கிற டெஸ்க்டாப்ப தொடங்குன மத்தியாஸ் எட்ரிச் ஜெர்மனியில ட்யூபிங்கன்ல படிச்சிட்டு இருந்தாரு, அடுத்த வருஷம் க்னோம்ங்கிற இன்னொரு டெஸ்க்டாப் கிளம்புனது மெக்சிகோவுலருந்து. இப்ப நாம "டெஸ்க்டாப் லினக்ஸ்"னு சொல்லுற சாதனத்துல பாதிக்கு மேல காலேஜ் பிள்ளைங்க போட்ட அஸ்திவாரம்தான். அவங்க எல்லாரும் தனக்கு எங்க இடிச்சுதோ அங்கருந்துதான் தொடங்குனாங்க, அதனாலதான் நானும் வந்தவங்ககிட்ட "உங்க வீட்டுல, உங்க ஊர்ல கம்ப்யூட்டர் எங்க இடிக்குதுன்னு பாருங்க"ன்னு சொன்னேன். ஏற்கெனவே லட்சக்கணக்கான பேரு ஓட்டிட்டு இருக்குற ஒரு ப்ரோகிராமுக்குள்ள நீங்க போய் ஒரு சின்ன ஓட்டைய அடைச்சா அது அடுத்தடுத்த பதிப்புல டெபியன், ஃபெடோரான்னு எல்லா எடத்துக்கும் தானா போயிரும், சொந்த ஐஎஸ்ஓ உங்க பென்டிரைவ்லயே கெடக்கும்.

எனக்க மாமாவுக்கு மார்த்தாண்டத்துல ஒரு டிடிபி கடை உண்டு, நான் ஸ்கூல் லீவுல அங்கதான் உக்காந்து டைப் பண்ணப் பழகுனேன். கல்யாணப் பத்திரிகை, சர்ச் திருவிழா நோட்டீஸ், கோயில் கொடை நோட்டீஸ், நினைவு அஞ்சலின்னு இருவது வருஷத்து ஃபைல் அந்தக் கம்ப்யூட்டர்ல கெடக்கு. போன மாசம் ஒரு சபைக்காரங்க வந்து 2009ல அடிச்ச நூற்றாண்டு விழா நோட்டீஸ் மாதிரியே வேணும்னு கேட்டாங்க. மாமா தேடு தேடுன்னு தேடி, கடைசில எனக்கு போன் பண்ணி, "மக்ளே, ஃபைல் இதுக்குள்ளதான் கெடக்கு, பேரு போட்டுத் தேடுனா ஒண்ணும் வரமாட்டேங்கு"ன்னு சொல்றாரு. வராது. ஏன்னா அதெல்லாம் பாமினி பான்ட்ல அடிச்சது. கண்ணுக்கு "அம்மா"ன்னு தெரியும், ஃபைலுக்குள்ள எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு அஞ்சு ஆங்கிலக் குறிதான் இருக்கும், அந்த பான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா அந்தக் கிறுக்கல்தான் தெரியும். தேடுற ப்ரோகிராமுக்கு அது தமிழ்னே தெரியாது. இப்பிடி எத்தன கடையில, எத்தன பஞ்சாயத்து ஆபீஸ்ல, எத்தன பாரிஷ் ரூம்ல நம்ம ஊரு சரித்திரம் தேட முடியாம கெடக்குன்னு நெனச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

இதுதான் எனக்குத் தெரிஞ்சதுல நம்ம பிள்ளைங்களுக்கு ஏத்த மொத ப்ராஜெக்ட். ஃபைல் மேனேஜர்ல ஒரு ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணா "யூனிகோடுக்கு மாத்து"ன்னு வரணும், யூனிகோடுன்னா எல்லா மெஷினுக்கும் தமிழ் தமிழாவே தெரியுற பொதுக் குறிமுறை. பைத்தான்ல ஓப்பன்-தமிழ்னு ஒரு லைப்ரரி ஏற்கெனவே இருக்கு, பாமினி, டிஸ்கி மாதிரி பழைய என்கோடிங்ல இருந்து யூனிகோடுக்கு மாத்துற பட்டியல் எல்லாம் அதுல உண்டு, அத நீங்க மறுபடி எழுத வேண்டாம். க்னோம் ஃபைல்ஸுக்கு பைத்தான்லயே எக்ஸ்டென்ஷன் எழுதலாம், கேடிஈ டால்பின்ல சர்வீஸ் மெனு, எக்ஸ்எஃப்சிஈங்கிற லேசான டெஸ்க்டாப்போட துனார்ல கஸ்டம் ஆக்ஷன். கேக்க லேசா இருக்கும், ஆனா உள்ள போனா நல்ல தலைவலி இருக்கு, அதுதான் ப்ராஜெக்டுக்கு வேணும். ஒரு டாக்குமென்ட்ல பாதி பாமினி, பாதி இங்கிலீஷ் போன் நம்பர் அட்ரஸ்னு கலந்து கெடக்கும், எல்லாத்தையும் மாத்துனா இங்கிலீஷ் எல்லாம் தமிழ்க் குப்பையாயிரும், அதனால ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பான்ட் போட்டிருக்குன்னு பாத்து அந்த பான்ட் உள்ள துண்ட மட்டும் மாத்தணும். சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல பான்ட் விவரமே இருக்காது, அங்க இது பாமினியா வேற எதாவதான்னு எந்த எழுத்து எத்தன தடவ வருதுங்கிறத வச்சு ஊகிக்கணும். பேஜ்மேக்கர் ஃபைல லிப்ரஆபீஸ் 4.4 பதிப்புலருந்து ஓரளவு தொறக்கும், அந்த வழியா உள்ள போயி எழுத்த எடுக்கலாமான்னு பாக்கலாம்.

இன்னும் ஒரு படி மேல போகணும்னா மாத்தவே வேண்டாம், ஃபைல் அப்பிடியே இருக்கட்டும், தேடுற இன்டெக்ஸ்ல மட்டும் யூனிகோடாக்கிப் போடுங்க. ஃபைல் எல்லாத்தையும் இன்டெக்ஸ் பண்ண கேடிஈல பலூ, க்னோம்ல லோக்கல்சர்ச்னு இருக்கு, முன்னாடி அதுக்கு ட்ராக்கர்னு பேரு. ஒரு டாக்குமென்ட்டுலருந்து எழுத்த உருவுற எடத்துல பான்ட் பேரு பாமினின்னா மாத்திட்டு இன்டெக்ஸ் பண்ணுன்னு ஒரு வழி வச்சா போதும், மாமா "நூற்றாண்டு"ன்னு அடிச்சா அந்த 2009 நோட்டீஸ் வந்து நிக்கும். இந்த ஒரு காட்சிய வைவாவுல காட்டுனா வேற ஸ்லைடே தேவையில்ல.

தேடுறதப் பத்தியே இன்னொண்ணு, இது யூனிகோடுக்குள்ளயே இருக்குற சிக்கல். "கோட்டாறு"ன்னு ஒரு ஃபைலுக்கு பேரு வைக்கிறீங்க. அந்த "கோ"வ ரெண்டு விதமா சேமிக்கலாம், க-வுக்கு அப்புறம் ஓகாரக் குறி ஒண்ணே ஒண்ணா வரலாம், இல்லன்னா ரெட்டைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு துண்டா வரலாம். யூனிகோட் விதிப்படி ரெண்டும் ஒண்ணுதான், ஆனா லினக்ஸ்ல வழக்கமா இருக்குற எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் சாதாரணமா அதப் பாக்காது, பைட்டுகள் மாறுனா அதுக்கு வேற பேருதான், ஒரே ஃபோல்டர்ல ரெண்டு "கோட்டாறு" பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும். கண்ணால பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. இத சரி பண்ண நார்மலைசேஷன்னு ஒரு வேலை உண்டு, தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டு ஒப்பிடணும். எந்தெந்த ஆப் இதச் செய்யுது, எது செய்யலன்னு இருவது முப்பது ஆப்பை எடுத்து சோதிச்சு, செய்யாத ஆப் ஒவ்வொண்ணுக்கும் பக்னு புகார் போட்டு, முடிஞ்சதுக்கு திருத்துன கோட பேட்சாவும் அனுப்புனா அதுவே ஒரு செமஸ்டர் வேலை.

அதோட தாழக்குடி பக்கத்து ஔவையாரம்மன் கோயில் நோட்டீஸ எடுத்துக்கிடுங்க. ஆடிச் செவ்வாய்க்கு வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் டைப் பண்ணுவாங்க, அதுல பாதிப் பேரு "ஔ"வுக்குப் பதிலா ஒ போட்டு பக்கத்துல ள போட்டிருப்பாங்க. இது நார்மலைசேஷன்ல பிடிபடாது, ஏன்னா ள-ங்கிறது வேற எழுத்தேதான். இதுக்கு தமிழ்க்காரங்க உக்காந்து ஒரு பட்டியல் போட்டாத்தான் உண்டு, அந்த ஆப்ப பாத்துக்கிடுற, ஜெர்மனியில இருக்குற மெயின்டெயினருக்கு இப்பிடி ஒரு பிரச்சனை இருக்குறதே தெரிய வழியில்ல. நாமதான் சொல்லணும்.

அகர வரிசையும் அப்பிடித்தான். யூனிகோட் அட்டவணையில ன-வ ந-வுக்கு அடுத்தாப்ல வச்சிருக்கு, நம்ம நெடுங்கணக்குல ன கடைசி. அதனால பைத்தான்ல சும்மா சார்ட் போட்டா "கன்னியாகுமரி" முன்னாடியும் "கப்பல்" பின்னாடியும் வரும், அகராதியில நேர் எதிர். லொகேல் விதிய, அதாவது அந்தந்த மொழிக்குன்னு சிஸ்டத்துல உள்ள விதியக் கேட்டு அடுக்குற ஆப்ல இது சரியா வரும், கேக்காம எழுதுன சின்னச் சின்ன ஆப் நெறைய கெடக்கு, கான்டாக்ட் லிஸ்ட், பாட்டு ப்ளேயர், பில் போடுற ஆப்னு. புள்ளி வச்ச எழுத்து முன்னாடி வரணுமா பின்னாடி வரணுமாங்குறத உங்க காலேஜ் தமிழ் மிஸ்கிட்ட போய் உக்காந்து பேசிட்டு வாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைங்க தமிழ் டிபார்ட்மென்ட் வாசல்ல போய் நிக்கிற ஒரு ப்ராஜெக்ட் வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கீபோர்டு விஷயம் சுருக்கமா. தமிழ்99ங்கிற கீபோர்டு முறையில "அம்மா" அடிக்க ம-வ ரெண்டு தடவ தட்டுனா மொத ம-வுக்கு புள்ளி தானா விழணும், "ந்த", "ங்க", "ம்ப"க்கும் அப்பிடித்தான், அந்த விதிதான் தமிழ்99ட அழகே. லினக்ஸ்ல செட்டிங்ஸுக்குள்ள போனா ஏறக்குறைய ஒரே பேர்ல ரெண்டு வகை வரும். ஒண்ணு எக்ஸ்கேபி லேஅவுட், அதுல ஒரு கீக்கு ஒரு எழுத்துதான், புள்ளி தானா விழாது. இன்னொண்ணு ஐபஸ்ங்கிற டைப்பிங் ப்ரோகிராம் வழியா வர்ற எம்17என், அதுல விதி எல்லாம் சரியா இருக்கு. புதுசா வர்றவன் மொதல்ல கண்ணுல பட்டத எடுத்துட்டு "லினக்ஸ்ல தமிழ் சரியில்ல"ன்னு போயிருவான். செட்டிங்ஸ்ல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த சொல்லி, அங்கயே ஒரு பெட்டியில அடிச்சுப் பாக்க வச்சா தீர்ந்துச்சு.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது. நாகர்கோவில்ல பார்வையில்லாத ஒரு தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான், அவனுக்கு நான் ஒரு லேப்டாப்ல டெபியன் போட்டு திரையில உள்ளத வாசிச்சுச் சொல்லுற ஓர்கா ஸ்க்ரீன் ரீடர் வச்சுக் குடுத்தேன். பின்னாடி இருந்து பேசுறது ஈஸ்பீக் என்ஜி, தமிழ் அதுல உண்டு, ரோபோ மாதிரிதான் பேசும், ஆனா பட்டன அமுக்குன உடனே பேசும். அவன் சொன்னத அப்பிடியே சொல்றேன்: "அண்ணே, கொரல் நல்லா இல்லாட்டியும் பரவால்ல, தப்பா வாசிச்சாதான் எனக்கு மண்டை காயுது." நமக்கு க-ங்கிற எழுத்து ஒண்ணுதான், ஆனா "பக்கம்", "பங்கு", "பகல்" மூணுலயும் ஒலி வேற வேற. ச, ட, த, ப எல்லாத்துக்கும் இந்தக் கதை உண்டு. வடமொழியிலருந்து, இங்கிலீஷ்லருந்து வந்த சொல்லு, ஊர்ப் பேரு எல்லாம் இந்த விதிக்குள்ள அடங்காது. ஈஸ்பீக்ல தமிழுக்குன்னு ஒரு விதி ஃபைலும் ஒரு சொல் பட்டியல் ஃபைலும் இருக்கு, ரெண்டுமே வெறும் டெக்ஸ்ட். சி லாங்குவேஜ் தெரியாத பிள்ளைகூட உக்காந்து திருத்தலாம். ஆயிரம் சொல்ல எடுத்து, எது தப்பா வாசிக்குதுன்னு அந்த மாதிரி தம்பிங்க பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதி, விதிய மாத்தி, மறுபடி ஓட்டி, முன்னாடி எத்தன தப்பு இப்ப எத்தன தப்புன்னு கணக்கு காட்டுங்க. ரிப்போர்ட்ல போட டேபிளும் கெடச்சுரும்.

குரலும் நல்லா வேணும்னா ஐஐடி மெட்ராஸ்ல இருக்குற ஏஐ4பாரத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு பேச்சு மாடல்கள திறந்து விட்டிருக்கு, அத ஓர்காவுக்கும் குரலுக்கும் நடுவுல நிக்கிற ஸ்பீச் டிஸ்பேச்சருக்கு ஒரு மாட்யூலா எழுதி ஓர்காவோட கோத்து விடலாம். இங்க உள்ள சவால் வேகம். ஸ்க்ரீன் ரீடர் வச்சுப் படிக்கிறவங்க கீய அமுக்குன கையோட சத்தம் வரணும், ஒரு செகண்ட் தாமதம்னாலும் அவங்களால வேல செய்ய முடியாது, அதுவும் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல. மெனு, பட்டனுக்கு ஈஸ்பீக், நீளமான பாராவுக்கு நல்ல குரல்னு பிரிச்சு விட்டா நடக்கும்னு எனக்குத் தோணுது, யாராவது செஞ்சு பாக்கணும். இதுல கூட வந்த கருங்கல் பிள்ளைக்கு கண்ணு பெருசாச்சு, அது அப்பவே நோட்டுல எழுத ஆரம்பிச்சிட்டு.

பழைய லேப்டாப் விஷயமும் நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல வீட்டுக்கு வீடு உண்டு. 2011ல தொடங்குன இலவச லேப்டாப் திட்டத்துல வந்தது, அண்ணன் படிச்சு முடிச்சு கல்ஃபுக்குப் போனப்புறம் மேசையில தூசி பிடிச்சு கெடக்குறது, என் கைக்கு வந்த மூணுலயும் 2 ஜிபி ராம்தான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு, 11 போடணும்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி மெஷின்ல வேணும், அதுக்கெல்லாம் இந்த மெஷின் தாங்காது. எக்ஸ்எஃப்சிஈயோ எல்எக்ஸ்க்யூடியோ போட்டா நல்லா ஓடும், ப்ரவுசர்ல அஞ்சாறு டேப் தொறக்குற வரைக்கும். அதுக்கப்புறம் மவுஸ்கூட அசையாது, பிள்ளைங்க பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சு அணைச்சிரும். லினக்ஸ் கர்னல் 4.20லருந்து, 2018 கடைசியிலருந்து, பிரஷர் ஸ்டால் இன்பர்மேஷன்னு ஒரு கணக்கு உண்டு, மெமரி கெடைக்காம ப்ரோகிராம்கள் எவ்வளவு நேரம் காத்துக் கெடந்துச்சுன்னு போன 10 செகண்ட், 60 செகண்ட், 300 செகண்டுக்கு சதவீதமா குடுக்கும். அத வாசிச்சு பேனல்ல ஒரு சின்ன விளக்கு மாதிரி காட்டி, மெஷின் உறையுறதுக்கு முன்னாடியே "இந்த ப்ரோகிராம் மெமரிய தின்னுட்டு இருக்கு, மூடவா"ன்னு தமிழ்ல கேக்குற ஒரு ப்ளக்-இன். எக்ஸ்எஃப்சிஈ பேனலுக்கு எழுதுனா சின்ன வேலதான், ஆனா நம்ம வீட்டுல அம்மாக்கூட அதப் பாத்துப் புரிஞ்சுக்கிடணும், அங்கதான் யோசனை வேணும்.

பிரிண்டரப் பத்தி சொல்லாம விட முடியாது. நான் தக்கலையில ஒரு ப்ரவுசிங் சென்டருக்கு லினக்ஸ் போட்டுக் குடுத்து, எல்லாம் சரியா ஓடி, கடைசில அங்க இருந்த பழைய லேசர் பிரிண்டர்ல மாட்டிக்கிட்டேன். அதுக்கு கம்பெனி எப்பவோ ஒரு டிரைவர் விட்டதோட சரி, புது மெஷின்ல அது ஏறவே இல்ல. கடைக்கார அண்ணாச்சி ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு பழைய சிஸ்டத்துக்கே போயிட்டாரு, அவரக் குத்தம் சொல்ல முடியுமா, ரேஷன் கார்டு அப்ளிகேஷன் பிரிண்ட் எடுக்க வாசல்ல ஆள் நிக்குது. லினக்ஸ்ல பிரிண்ட் வேலையப் பாக்குற கப்ஸ் பிரிண்டிங் சிஸ்டம் இப்ப பழைய பாணி டிரைவர்கள கைவிட்டுட்டு பிரிண்டர் அப்ளிகேஷன்ங்கிற முறைக்கு மாறிட்டு வருது, அதுக்கு பேப்பிள்னு ஒரு லைப்ரரி இருக்கு. நம்ம ஊர்ல ஓடுற ஒரு பழைய பிரிண்டர எடுத்து, யூஎஸ்பியில என்ன போகுது என்ன வருதுன்னு வயர்ஷார்க்ங்கிற ப்ரோகிராம்ல பிடிச்சுப் பாத்து, அதுக்கு ஒரு பிரிண்டர் அப்ளிகேஷன் எழுதுறது கஷ்டமான வேலதான். ஆனா ஹார்ட்வேர்ல ஆசை உள்ள ஈசிஈ பிள்ளைங்களுக்கு இத விட நல்ல ப்ராஜெக்ட் எனக்குத் தெரியல. லினக்ஸ் பிரிண்டிங்கப் பாத்துக்கிடுற ஓப்பன்பிரிண்டிங் குழு, புதுசா வர்றவங்கள ஓப்பன் சோர்ஸ் வேலைக்குப் பழக்குற கூகுள் சம்மர் ஆஃப் கோட்லயும் பல வருஷம் ஆள் எடுத்திருக்கு.

அந்த சம்மர் ஆஃப் கோட் பத்தியும் ஒரு வார்த்தை. 2005லருந்து நடக்குது, 2022லருந்து ஸ்டூடண்டா இருக்கணும்னு கட்டாயமில்ல, 18 வயசு முடிஞ்சு ஓப்பன் சோர்ஸுக்குப் புதுசா இருந்தா போதும். 90, 175, 350 மணி நேரம்னு மூணு அளவுல ப்ராஜெக்ட் உண்டு, காசும் உண்டு. வழக்கமா பிப்ரவரியில குழுக்கள் பேரு வரும், மார்ச் ஏப்ரல்ல அப்ளை பண்ணணும். ஆனா அன்னைக்குப் போய் "ஹலோ சார்"னு நின்னா நடக்காது, முன்னாடியே ரெண்டு மூணு சின்ன பேட்ச் அனுப்பி அவங்களுக்கு உங்களத் தெரிஞ்சிருக்கணும்.

களியக்காவிளை தாண்டி கேரளாவுல பாறசாலைக்குப் போனா அங்க அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, கைட்ங்கிற அந்த அரசு நிறுவனம் குடுக்குற கைட் குனு லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் படிக்குது. எனக்க சித்தி பேத்தி அங்கதான் படிக்கா, இங்க வந்தா என் லேப்டாப்ப எடுத்து யாரும் சொல்லிக் குடுக்காமலே டெர்மினல் தொறக்குறா. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்னு அங்க ஒரு குழு வருஷக்கணக்கா பான்ட், கீபோர்டு, எழுத்துப்பிழை திருத்தினு ஒவ்வொண்ணா உக்காந்து செஞ்சிருக்காங்க, சம்மர் ஆஃப் கோட்ல மென்டர் அமைப்பாவும் இருந்துருக்காங்க. நமக்கும் கணியம் மாதிரி குழுக்கள் 2012லருந்து தமிழ்ல எழுதிட்டுதான் இருக்கு. நம்ம ஜில்லாவுல மலையாளமும் தமிழும் ரெண்டும் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க எவ்வளவு பேரு உண்டு, அவங்க அங்க செஞ்ச டெஸ்ட் ஃபைல்கள எடுத்துப் பாத்தாலே இங்க என்ன செய்யணும்னு பாதி தெரிஞ்சுரும்.

வேலைய எப்ப தொடங்குறதுன்னு கேட்டா, ஜனவரியில இல்ல, ஜூலையில. உங்க கோட சேத்துக்கிடுங்கன்னு ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்புனா பதில் வர சில நேரம் மாசக்கணக்காகும், அந்தப் பக்கத்துல இருக்குறவங்க பெரும்பாலும் சொந்த நேரத்துல பாக்குறவங்க. கோடு எழுதுறதுக்கு முன்னாடியே மெயின்டெயினர்கிட்ட "இப்பிடி ஒரு பிரச்சனை, இப்பிடி செய்யலாம்னு இருக்கேன், சரியா"ன்னு கேளுங்க. இங்கிலீஷ் வரலியேன்னு பயப்படாதீங்க, சின்னச் சின்ன வாக்கியமா, ஸ்க்ரீன்ஷாட்டோட, எந்த வெர்ஷன், என்ன செஞ்சீங்க, என்ன வந்துச்சு, என்ன வந்திருக்கணும்னு எழுதுனா போதும், மறுபக்கம் இருக்குறவருக்கும் அது தாய்மொழியா இருக்காது. உங்க பேட்ச் சேக்கப்படலன்னாலும் அந்தப் பேச்சுவார்த்தை மொத்தத்தையும் ரிப்போர்ட்ல பின்னிணைப்பா வைங்க. கைடுங்களுக்கும் ஒரு வேண்டுதல், "முழுசா ஒரு சாப்ட்வேர் எங்க"ன்னு கேக்காதீங்க, பத்து லட்சம் வரி கோடுக்குள்ள போய் சரியான நாப்பது வரிய மாத்துறதுக்கு எவ்வளவு படிக்கணும்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

வந்த ரெண்டு பேர்ல குலசேகரத்துக்காரன் பாமினி வேலைய எடுத்திருக்கான், அந்தப் பிள்ளை ஈஸ்பீக். அடுத்த சனிக்கெழம மாமா கடைக்கு பென்டிரைவோட போறோம். உங்க ஊர் டிடிபி கடையில, சர்ச்சுல, நூலகத்துல பாமினியிலயோ வேற பழைய பான்ட்லயோ அடிச்ச நோட்டீஸ் ஃபைல் இருந்தா, அதுல யாரு போன் நம்பரும் இல்லன்னு பாத்துட்டு, எடுத்து வைங்க. சோதிச்சுப் பாக்க அந்த மாதிரி ஒரு அம்பது ஃபைலாவது வேணும், இப்ப வரைக்கும் எங்க கையில ஏழுதான் இருக்கு.